ஆவியக்கா போட்ட மார்க்

அந்தப் பல் மருத்துவமனையில் அவளுக்கு ஆவியக்கா என்று பெயர். வரவேற்பு மேசையில் உட்காரும் பெண் வைத்த பெயர். கருவிகளை நீராவியில் சுத்தம் செய்கிற பெட்டிக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க நிற்பவள் என்பது ஒரு காரணம். எப்போது அறைக்குள் வந்தாள், எப்போது தட்டை எடுத்துக்கொண்டு போனாள் என்று ஒருவருக்கும் தெரியாது என்பது இன்னொன்று. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பேய் என்று சொல்லாமல் ஆவி என்று மரியாதையாகச் சொன்னார்களே என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லிச் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான் என்று அவரும் சிரித்தார்.

அவளுடைய அறை நடையின் கடைசியில் இருந்தது. ஒரு துண்டை விரித்தால் மூடிவிடலாம் போன்ற சின்ன ஜன்னல். இரண்டு தொட்டிகள். இடது தொட்டி அழுக்குக்கு, வலது தொட்டி சுத்தத்துக்கு. இடது பக்கத்துப் பொருள் எதுவும் நேராக வலது பக்கம் போகக்கூடாது, எல்லாப் படிகளையும் தாண்டித்தான் போகவேண்டும். தட்டு வந்ததும் கருவிகளை மருந்துத் தண்ணீரில் ஊறப்போடுவாள். பிறகு பிரஷ்ஷால் தேய்ப்பாள், அதிர்கிற தொட்டியில் வைப்பாள், துடைப்பாள், விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடிக்கு அடியில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள். அதன் பிறகுதான் ஒரு பக்கம் உள்ளே தெரிகிற உறை. உறையை ஒட்டி, அதன் மேல் தேதி எழுதி, ஆவிப் பெட்டிக்குள் அடுக்குவாள். சூடு சரியாக ஏறினால் உறையில் இருக்கும் இளஞ்சிவப்புக் கோடு பழுப்பாக மாறும். மாறாத கோட்டை அவள் நம்பமாட்டாள், வேலை முடிந்துவிட்டது என்று பெட்டி எத்தனை தடவை கூவினாலும்.

பன்னிரண்டு வருடமாக இதுதான் வேலை. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. அந்த வருட ஆசிரியர் பாடத்தை எழுந்து நின்று உரக்கப் படிக்கச் சொல்பவர். அவளுக்குப் படிக்கத் தெரியும், உரக்கத்தான் வராது. படிக்கும்வரை நில் என்றார். நின்றாள். நான்கு நாள் நின்றாள். ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டில் யாரும் ஏன் என்று பெரிதாகத் துருவவில்லை. கைக்குழந்தையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்ட நேரம் அது.

பேசாதவர்களுக்குக் கண் அதிகம் வேலை செய்யும் என்று அவள் கணவர் சொல்வார். அவளைப் பொறுத்தவரை அது உண்மை. எந்தத் தட்டு எந்த டாக்டரிடமிருந்து வந்தது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள், அதாவது யாராவது கேட்டால். பெரிய டாக்டரம்மாவின் தட்டில் கருவிகள் எடுத்த வரிசையிலேயே திரும்பப் படுத்திருக்கும். செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிற டாக்டர் பஞ்சையெல்லாம் ஒரு மூலையில் மூட்டை கட்டி வைப்பார். புதிதாகச் சேர்ந்த சின்ன டாக்டரின் தட்டு சண்டை நடந்த இடம் மாதிரி வரும். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியில் அவர் வந்த பிறகு கீறல்கள் கூடின. கன்னத்தை விலக்கிப் பிடிக்கும்போது துளை போடும் கருவி பட்டு விழுகிற கீறல் அது. கை பழகப் பழகக் குறையும். அவருக்கும் ஆறே மாதத்தில் குறைந்தது. அதை முதலில் கண்டுபிடித்தவள் ஆவியக்காதான். யாரிடமும் சொல்லவில்லை.

அவளுடைய ஒரே மகளுக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். அப்பா வைத்தது. நான்கு வயதில், தூக்கம் வராதபோது படுக்கச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்டு, படுக்கச் சொன்னவர் கண்ணயரும்வரை வாதாடியவள். நகரப் பேருந்து ஓட்டும் அவருக்கு நாள் முழுக்கக் கேட்கிற ஹாரன் சத்தத்தைவிட இந்தச் சத்தம் பிடித்திருந்தது. பள்ளி விட்டதும் வக்கீல் நேராக மருத்துவமனைக்கு வந்து அம்மாவின் அறை மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதி முடித்ததும் பூதக்கண்ணாடிக்கு அடியில் கருவிகளை வைத்துப் பார்ப்பாள். அப்படிப் பார்த்துப் பார்த்தே பல் டாக்டர் ஆகவேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு ஊறியது. வக்கீல் பல் டாக்டரானால் நோயாளி வாய் திறக்கவே வழியிருக்காதே என்று அப்பா கேலி செய்தார். வாயை நன்றாகத் திறந்துதான் வைத்திருப்பார், பேசத்தான் முடியாது, எனக்கு அதுதான் வேண்டும் என்றாள் மகள்.

ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தால் போதும் என்றுதான் இருந்தார்கள். ஒரே வாரத்தில் மூன்றிலிருந்து கடிதம் வந்தது.

முதல் நாள் சந்தோஷம். இரண்டாம் நாள் குழப்பம். மூன்றாம் நாள் வக்கீல் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டாள். மேலே மூன்று கல்லூரிகள். அவற்றுக்கு வீட்டில் புழங்கிய பெயர்களையே எழுதினாள்: பழசு, கண்ணாடி, பஸ் ஸ்டாண்டு. பழசு என்பது நகரத்தின் நடுவே நூறு வருடத்துக்கும் மேலாக நிற்கும் கல்லூரி, டாக்டரம்மா படித்தது. கண்ணாடி என்பது நகரத்துக்கு வெளியே, சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்துப் புதிதாகக் கட்டியது. மூன்றாவது, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பொது மருத்துவமனையோடு ஒட்டிக்கொண்டிருந்த மங்கல் கட்டடம். பக்கவாட்டில் வீட்டு ஆட்களின் பெயர்கள், கூடவே டாக்டரம்மாவின் பெயரும். ஒவ்வொருவரும் பத்துக்கு மார்க் போடவேண்டும். மூன்றிலும் உதவித்தொகை உண்டு என்பதால் பணம் அந்தத் தாளில் ஏறவில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒன்றை ஏற்று, மற்ற இரண்டையும் வேண்டாமென்று எழுதிவிடவேண்டும்.

அப்பா மூன்றுக்கும் பத்துப் பத்து போட்டார். இது என்ன அநியாயம் என்று மகள் கேட்டதற்கு, என் பெண்ணுக்கு இடம் கொடுத்தவர்களுக்கு எப்படிக் குறைத்துப் போடுவது என்றார். மாமா, அதாவது அன்றைக்கு ஆவியக்கா தூக்கி வளர்த்த தம்பி, தொலைபேசியிலேயே கண்ணாடிக்குப் பத்தும் பழசுக்கு ஐந்தும் சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்கு என்ன என்றால், அங்கே பல் பிடுங்க மட்டும்தான் போவார்கள், படிக்கவா போவார்கள் என்றார். டாக்டரம்மா பழசுக்குப் பத்து, மற்றவற்றுக்கு ஆறு. கடைசியில் அம்மா என்று ஒரு வரிசை இருந்தது. அது காலியாகவே கிடந்தது.

"எனக்கு என்ன தெரியும்? நான் எட்டாவது," என்றாள் ஆவியக்கா.

"பன்னெண்டு வருஷமா பல் டாக்டருங்க நடுவுல இருக்க. மாமா செல்போன் விக்கிறாரு, அவரே மார்க் போட்டுட்டாரு. ஒரு தடவை வாயத் தொறம்மா. முத்து உதிர்ந்தா நான் பொறுக்கித் தர்றேன்."

மூன்றையும் நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவானது. ஒரே நாளில் பழசையும் பஸ் ஸ்டாண்டையும் பார்த்தார்கள். பழசில் தூண்களும் பெரிய பெரிய படங்களும் இருந்தன. யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. வாசலிலிருந்தே வரிசை. ஈரக் குடைகளும் வீங்கிய கன்னங்களும். உள்ளே நுழையவே முடியவில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் இவர்கள் முந்துகிறார்கள் என்று முறைத்தார்கள். பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை கண்ணாடியில் பெற்றோர்களுக்கான நாள். வாசலிலேயே ஒரு பெண் சிரித்தபடி அட்டை மாட்டிவிட்டாள். பொம்மைத் தலைகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டிருந்த பயிற்சி அறையைக் காட்டினார்கள். இரண்டாம் மாடியில் அறுபது நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு, தனித் திரை. இன்று விடுமுறை என்பதால் நோயாளிகள் இல்லை என்று விளக்கினார்கள். மற்றவர்கள் நாற்காலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, ஆவியக்கா மெல்ல நழுவி நடையின் கடைசிக்குப் போனாள். எந்த இடத்திலும் அவளுக்குத் தெரிந்த அறை அங்கேதான் இருக்கும்.

இருந்தது. அவள் வீட்டுக் கூடம் அளவுக்கு இருந்தது. நான்கு தொட்டிகள், மூன்று ஆவிப் பெட்டிகள், தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பணியில் இருந்த ஆள் நல்லவர். நானும் இதே வேலைதான் என்று அவள் முணுமுணுத்ததும் உள்ளே கூப்பிட்டு இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். உறைகள் புத்தகம் அடுக்கியது போல நின்றன. ஒவ்வொன்றிலும் தேதி, அச்சடித்த மாதிரி கையெழுத்தில். உறைக்குள் குட்டிக் கண்ணாடிகள் நிலாத் துண்டு போலப் பளபளத்தன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. அவள் அடுத்த இழுப்பறைக்கும் குனிந்தாள்.

திரும்பி வரும் பேருந்தில் மகள் ஒவ்வொரு கல்லூரிக்கும் சாதகம் பாதகம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஆவியக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "இதுதான்," என்றாள்.

மகள் எண்ணுவதை நிறுத்தினாள். "எது?"

"கண்ணாடி. அங்கயே சேரு."

அம்மா ஒரு விஷயத்தில் இப்படி முடிவாகச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், அம்மாவின் காலி வரிசையில் கண்ணாடிக்குப் பத்து என்று மகளே பெரிதாக எழுதி வட்டம் போட்டாள். அம்மா சொல்லிவிட்டாள் என்றால் விஷயம் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் தன் பேருந்தில் ஏறிய தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். திங்கட்கிழமை காலை வக்கீல் பழசுக்கு நன்றி, வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கும் எழுத உட்கார்ந்தவள், அவர்களுடைய இணையப் பக்கம் திறக்காமல் சுற்றிச் சுற்றி நின்றதால், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை பகலில் ஆவியக்கா வழக்கம்போல உறைகளில் தேதி எழுதிக்கொண்டிருந்தாள். அவர்கள் மருத்துவமனையில் எந்த உறையும் மூன்று நாளைக்கு மேல் இழுப்பறையில் தங்காது. காலையில் எழுதியது சில சமயம் மாலையே திரும்பி வந்துவிடும். எழுதிக்கொண்டே அந்த அச்சடித்த மாதிரி கையெழுத்தை நினைத்துக்கொண்டாள். நானும் அப்படி எழுதிப் பார்க்கலாமே என்று முயன்றாள். அந்த ஆள் எண்களை எப்படிச் சாய்த்திருந்தார் என்று மனதில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். நாள் நினைவுக்கு வந்தது. அடுத்தது மாதம்.

கையிலிருந்த பேனா நின்றது.

அது நான்கு மாதத்துக்கு முந்தைய மாதம். அடுத்த இழுப்பறை? அதிலும் அதே மாதம்தான். கையெழுத்தின் அழகில் மயங்கி நின்றவள் அது என்ன சொல்கிறது என்று படிக்கவில்லை.

நான்கு மாதமாகத் திறக்காத உறை. கீறலே விழாத கண்ணாடிகள். படிக்கிற பிள்ளைகள் கையாளும் கண்ணாடி என்றால் சின்ன டாக்டரின் கண்ணாடியைவிட மோசமாக அல்லவா இருக்கவேண்டும்? அறுபது நாற்காலியும் விடுமுறை நாளில்தான் காலியா, எல்லா நாளும் காலியா?

ஒருவேளை உபரியாக வாங்கி வைத்திருக்கலாம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. பழுப்பாகாத கோட்டைப் பார்ப்பது போல அந்தச் சமாதானத்தைப் பார்த்தாள்.

அன்று முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் மகள் கண்ணாடிக் கல்லூரியின் விடுதி அறைக்கு என்ன நிறத்தில் போர்வை வாங்குவது என்று கேட்டாள். ஆவியக்கா ஏதோ ஒரு நிறம் சொன்னாள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஓர் அபிப்பிராயம் சொன்னாள். அதை நம்பி ஒரு கதவை மூடியாகிவிட்டது. இப்போது அந்த வார்த்தையைத் திரும்ப வாங்குவதென்றால், சொல்வதைவிட அதற்குத்தான் அதிக வாய் வேண்டும்.

புதன்கிழமை காலை டாக்டரம்மா தானே தட்டை எடுத்துக்கொண்டு அவள் அறைக்கு வந்தார். எங்கள் காலேஜ் வேண்டாம் என்று எழுதிவிட்டாளாமே உன் பெண் என்று பாதி சிரிப்பும் பாதி வருத்தமுமாகக் கேட்டார். ஆவியக்கா தட்டை வாங்கி வைத்தாள். கையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"டாக்டரம்மா, படிக்கிற எடத்துல நோயாளிங்க வரலன்னா என்ன ஆகும்?"

பன்னிரண்டு வருடத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான் போலிருக்கிறது. டாக்டரம்மா கதவிலேயே சாய்ந்து நின்றுவிட்டார்.

"இத்தன பல்லு எடுக்கணும், இத்தன பல்லு அடைக்கணும்னு ஆளுக்கு ஒரு கணக்கு இருக்கும்மா. அது முடியாம பாஸ் பண்ண முடியாது. ஆள் வரலன்னா நாமளே சொந்தக்காரங்கள இழுத்துட்டுப் போகணும். எனக்கே கடைசி வருஷம் ஆள் கெடைக்கல. எங்க பெரியப்பா வாயில ஒரே பல்ல மூணு தடவ அடைச்சேன். பாவம், மனுஷன் கடைசி வரைக்கும் என்னைப் பார்த்தா வாய மூடிக்குவாரு." பிறகு கேட்டார், "ஏன் கேக்குற?"

சும்மாதான் என்றாள். டாக்டரம்மா போன பிறகு, பழசிலேயே ஆள் கிடைக்காமல்தான் இருந்திருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது. மூடிய கதவைப் பற்றி இனிக் கவலைப்படத் தேவையில்லை என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் மகள் சமையலறை மேசையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா இன்னும் பணியிலிருந்து வரவில்லை. ஆவியக்கா எதிரே உட்கார்ந்தாள். அவள் பொதுவாகச் சமையலறையில் உட்காரமாட்டாள் என்பதால் மகள் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் போட்ட மார்க் தப்பு."

"என்ன தப்பு?"

ஆவியக்கா உறைகளைப் பற்றிச் சொன்னாள். தேதியைப் பற்றி, கீறல் இல்லாத கண்ணாடிகளைப் பற்றி. இடையில் இரண்டு தடவை நின்றுபோனாள். மகள் குறுக்கே பேசவில்லை. வக்கீல் குறுக்கே பேசாமல் இருந்தது ஆவியக்காவை இன்னும் பயமுறுத்தியது.

"பழசுக்கு வேணாம்னு எழுதிட்டேன்," என்றாள் மகள் கடைசியில். குரல் உயரவில்லை.

"தெரியும்."

"நீ சொன்னதுனாலதான் எழுதினேன்."

"அதுவும் தெரியும்."

"பன்னெண்டு வருஷமா தேதி எழுதுற. தேதிய எப்படிம்மா பார்க்காம விட்ட?"

ஆவியக்கா மேசையில் கிடந்த வெங்காயத் தோலை ஒன்றுசேர்த்தாள். அப்புறம் சொன்னாள், "அந்த ரூம் அவ்வளவு அழகா இருந்துச்சு. நாலு தொட்டி. ஜன்னல் பெருசு. அப்படி ஒரு எடத்துல நின்னு வேலை செஞ்சா எப்படி இருக்கும்னு நெனச்சேன். நான் உனக்குப் பார்க்கல. எனக்குப் பார்த்துட்டேன்."

மகள் கண்ணைத் துடைத்தாள். வெங்காயத்தாலா வேறெதனாலா என்று ஆவியக்காவுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வக்கீலுக்கு வக்கீல் புத்தி திரும்பியது. நான்கு மாத உறை ஒரு சந்தேகம்தான், சாட்சி ஆகாது என்றாள். பெற்றோர் நாள் பார்த்தது கணக்கில் வராது, சாதாரண நாளில் போய்ப் பார்க்கவேண்டும் என்றாள். நாளைக்கே போவோம், நீ விடுப்பு எடு என்றாள். ஆவியக்கா விடுப்பே எடுத்ததில்லை. தொலைபேசியில் டாக்டரம்மாவிடம் கேட்டபோது, அவர் காரணம்கூடக் கேட்காமல் சரி என்றார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கண்ணாடியின் இரண்டாம் மாடியில் இருந்தார்கள். அட்டை மாட்டிவிட யாரும் இல்லை. யார் என்றும் யாரும் கேட்கவில்லை. மகள் நாற்காலிகளை எண்ணினாள். அறுபதில் ஏழில்தான் ஆள் இருந்தது. ஒவ்வோர் ஆளைச் சுற்றியும் நான்கைந்து மாணவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கடைசி நாற்காலியிலிருந்து மண் படிந்த செருப்போடு ஒருவர் இறங்கி வந்தார். மகள் அவரிடம், இங்கே நன்றாகப் பார்க்கிறார்களா என்று கேட்டாள்.

"நல்லாப் பார்க்கிறாங்க பாப்பா. நான் இங்க தோட்டக்காரன். இந்த மாசம் நாலாவது தடவ என் பல்ல சுத்தம் பண்றாங்க." வாயைத் திறந்து காட்டினார். பல் பளிச்சென்று இருந்தது. "பரீட்சை வருதுல்ல, பசங்க பாவம். நான் வரலன்னா காவல்காரர இழுத்துட்டு வருவாங்க. அவருக்கு மேல் வரிசையில பல்லே இல்ல."

மகள் சிரித்துவிட்டாள். சிரிப்பை அடக்கப் படிக்கட்டு வரை ஓடவேண்டியிருந்தது. படியில் உட்கார்ந்து, சாட்சி விசாரணை முடிந்தது என்றாள். ஆவியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நடையின் கடைசிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அந்த நல்ல மனிதர் உள்ளே தொட்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். வேலையே இல்லாத அவ்வளவு அழகான அறையில் நாளெல்லாம் என்னதான் செய்வார் என்று நினைத்தாள். முதல் தடவையாக அந்த அறை மேல் இருந்த ஆசை விட்டது.

பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு. மழை இல்லாததால் வரிசை இன்னும் நீளமாக இருந்தது. இந்தத் தடவை ஆவியக்கா முன்னால் நடந்தாள். வரிசையில் இருந்த ஓர் அம்மா, எங்கே முந்திக்கொண்டு போகிறாய் என்று தடுத்தாள். பல் காட்ட வரவில்லை, பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கிறோம் என்று ஆவியக்கா சொன்னாள். அவ்வளவு உரக்கச் சொல்வாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. அந்த அம்மா வீங்கிய கன்னத்தோடு மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சீக்கிரம் படித்து முடி என்று வழிவிட்டாள்.

உள்ளே நாற்காலிகள் பழையவை. இரண்டில் உறை கிழிந்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. காலி நாற்காலி ஒன்றுகூட இல்லை. கடைசி வருட மாணவி ஒருத்தி கைகழுவும் இடத்தில் இரண்டு நிமிடம் மூச்சுவாங்கிக்கொண்டு நின்றாள். மகள் அவளைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை பல் எடுத்திருப்பீர்கள் என்று கேட்டதற்கு, நூறு வரைக்கும் எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன் என்றாள் அந்தப் பெண். கால் வலிக்குமா என்றால் வலிக்கும் என்றாள். சொல்லிக்கொடுப்பார்களா என்றால், கத்துவார்கள், ஆனால் பக்கத்திலேயே நின்று கத்துவார்கள் என்றாள். இன்னும் என்னென்னவோ கேட்டாள் மகள். அவளுக்கு வேண்டிய கேள்விகள் அவளிடம் இருந்தன.

ஆவியக்கா நடையின் கடைசிக்குப் போனாள். சின்ன அறை. ஒரு பெண் வேர்த்து விறுவிறுத்து நின்றாள், பேசவே நேரமில்லை. மேசையில் குவிந்து கிடந்த குட்டிக் கண்ணாடிகளில் கீறாத ஒன்றைத் தேடவேண்டியிருந்தது. பக்கத்துத் தட்டில் உறைகள். கோடு பழுப்பாக மாறியிருந்தது. தேதி கோணல்மாணலாக, இன்றைய தேதி. ஆவியக்கா ஓர் உறையின் மேல் விரலை வைத்தாள். இன்னும் சூடாக இருந்தது.

"தொடாதீங்க," என்றாள் அந்தப் பெண்.

"தப்புதான்," என்று கையை எடுத்துக்கொண்டாள். அந்தப் பெண் சொன்னது சரி என்பதில் ஆவியக்காவுக்குச் சந்தோஷம்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு நிறுத்தத்தில் மகள், அவர்கள் இணையப் பக்கம் திறக்காமல் போனது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்றாள். நான்கு மணிக்கு மேசையில் உட்கார்ந்தாள். பக்கம் இந்தத் தடவையும் சுற்றிச் சுற்றி நின்றது, ஆனால் திறந்தது. ஏற்றுக்கொள்கிறேன் என்பதை அழுத்துவதற்கு முன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னைப் பார்க்காத," என்றாள் ஆவியக்கா. "இந்தத் தடவ நீயே பாரு."

மகள் அழுத்தினாள். பிறகு கண்ணாடிக்கு வேண்டாம் என்று எழுதினாள்.

அப்பா பணி முடிந்து வந்தபோது தாளில் அம்மா வரிசையிலிருந்த பத்து அடிக்கப்பட்டிருந்தது. விஷயத்தை மகள் தோட்டக்காரரிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊர் முழுக்கக் கண்ணாடி என்று சொல்லிவைத்திருக்கிறேனே, இனி ஒவ்வொரு நிறுத்தத்திலும் மாற்றிச் சொல்லவேண்டும் என்றார். அதற்குப் பிறகு மனைவியைப் பார்த்து, ஒரு வருடத்துக்கு வைத்திருந்த பேச்சை ஒரே வாரத்தில் செலவழித்துவிட்டாயே என்றார்.

மகள் பேனாவை அம்மாவிடம் நீட்டினாள். "அடிச்சுட்டு விட்டா எப்படி? பஸ் ஸ்டாண்டுக்கு மார்க் போடு."

ஆவியக்கா பேனாவை வாங்கிக்கொண்டு தாளுக்கு முன் நின்றாள். உரக்கப் படிக்கச் சொல்லி நிறுத்திய மாதிரியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எழுதினாள்.

"ஏழா?" என்றாள் மகள். "இவ்வளவு அலைஞ்சு திரிஞ்சு, ஏழுதானா? நான் அங்க சேர்ந்தாச்சும்மா."

"அங்க தேய்க்கிற பிரஷ்ஷ பார்த்தேன். முடியே இல்ல, மொட்டையா இருக்கு." பேனாவை மூடினாள். "நீ போனதும் முதல்ல அத மாத்தச் சொல்லு. எட்டு போடுறேன்."